யாழ்ப்பாணத்தில் விவாகரத்துக்கு நான் பிடித்த இரண்டு சட்டத்தரணிகள்

நட்சத்திரக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாமவருக்கு ஐந்துக்கு அரை. அந்த அரையும் அவருடைய கந்தோரில் மின்விசிறி நன்றாகச் சுற்றியதற்காக. இரண்டாமவருக்கு ஐந்துக்கு நான்கு. அவருடைய கந்தோரில் மின்விசிறியும் சரியில்லை, நுளம்பும் கடிக்கும்.

இரண்டு பேருடைய பெயரையும் எழுதவில்லை. முதலாமவருடைய பெயரை எழுதினால் அடுத்த வழக்கில் நான் எதிராளியாக நிற்க வேண்டி வரும். இரண்டாமவரோ, எங்கும் எழுதிப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சட்டத்தரணிகள் தங்களை விளம்பரப்படுத்தத் தொழில் விதிகள் இடங்கொடுப்பதில்லையாம். கட்சிக்காரர் புகழ்ந்து எழுதினாலும் அதை விளம்பரமென்று எவராவது கிளப்பிவிடுவார்கள் என்றார்.

நான் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் 17 வருடமாகக் கணக்கெழுதுகிறவள். சட்டம் எனக்குத் தெரியாது. பற்றுச்சீட்டு தெரியும், கோப்பு தெரியும், ஐந்தொகை இடித்தால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும். ஆகவே இந்த இருவரையும் அவர்கள் பேசிய சட்டத்தை வைத்து நான் எடைபோடவில்லை. என்னுடைய கோப்பை எப்படி வைத்திருந்தார்கள் என்பதை வைத்துத்தான் எடைபோட்டேன். ஒரு சீ.ஆர். கொப்பியில் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வந்தேன். கீழே வரும் தொகைகள் அதிலிருந்து எடுத்தவை.

2006 இல் எங்களுக்கு விவாக எழுத்து நடந்தது, அடுத்த மாதம் தாலி. 2010 இல் மகள் பிறந்தாள். 2018 ஆடி அமாவாசை அன்று கணவர் கீரிமலைக்குப் போய்த் தகப்பனாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தார். விரதச் சாப்பாடு சாப்பிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கொழும்பில் நேர்முகப் பரீட்சை என்று சொல்லிவிட்டு ஒரு சூட்கேஸோடு போனார். சூட்கேஸுக்குள் தன்னுடைய பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வைத்திருந்தார். கூடவே புது ரைஸ் குக்கரையும் கொண்டு போனார். நேர்முகப் பரீட்சைக்கு ரைஸ் குக்கர் எதற்கு என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

இரண்டரை வருடம் நான் சட்டத்தின் பக்கமே போகவில்லை. போக வைத்தது வங்கி. 2021 தொடக்கத்தில் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. வீடு அரியாலையில், இரண்டரைப் பரப்புக் காணியில், அம்மா எனக்குச் சீதன உறுதியில் எழுதித் தந்தது. அதை ஈடு வைத்துக் கடன் எடுக்கலாம் என்று உறுதியைக் கொண்டு போனேன். கடன் பிரிவிலிருந்த தம்பி மரியாதையாகத்தான் கேட்டார்: "அக்கா, கணவருடைய ஒப்பம் வேண்டுமே?" என் பெயரில் உள்ள உறுதி, என் அம்மா தந்த காணி. அதற்கு இரண்டரை வருடமாக முகத்தைக் காட்டாத ஒருவருடைய ஒப்பம். அன்று மாலை வீட்டுக்கு வந்து ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு, விவாகரத்து எடுப்பது என்று முடிவு செய்தேன். ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ துயரமான காரணங்களுக்காக இந்த முடிவுக்கு வருகிறார்கள். எனக்குக் கூரை.

முதலாமவரை எல்லோருக்கும் தெரியும். வாசலில் பெரிய பலகை: சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு, சத்தியப் பிரமாண ஆணையாளர். சித்தப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்து மனிதர். இன்றைக்கும் "நல்ல அப்புக்காத்தாகப் பிடிக்க வேண்டும்" என்றுதான் சொல்வார். அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பிரிவினை 1974 ஆம் ஆண்டோடு போய், எல்லோரும் சட்டத்தரணிகளாகி ஐம்பது வருடமாகிறது. சித்தப்பாவின் மதிப்பில் மட்டும் அப்புக்காத்து இன்னும் கறுப்புக் கோட்டோடு தனியாக உலாவுகிறார்.

அந்த முதற் சந்திப்பு எட்டு நிமிடம். கொப்பியில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதில் மூன்று நிமிடம் அவர் தொலைபேசியில் வேறொருவரோடு பேசினார். என்னிடம் கேட்டவை மூன்று கேள்விகள்: பெயர், எழுத்து நடந்த வருடம், கணவர் எங்கே. பிறகு 60,000 ரூபா என்றார். எந்தத் தாளையும் பார்க்கவில்லை. நான் கொண்டு போன பிளாஸ்டிக் உறை திறக்கப்படாமலே திரும்பி வந்தது. காசைக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டுக் கேட்டேன். "பிள்ளை, இதென்ன கடையா?" என்று சிரித்தார். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்காக வழக்கில் நிற்க அவருக்கு அதிகாரம் கொடுக்கும் புரொக்சி என்ற தாளில் ஒப்பம் வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு "தவணைக்கும்", அதாவது நீதிமன்றத்தில் வழக்கு எடுபடும் ஒவ்வொரு நாளுக்கும், 3,500 ரூபா. கிளாக்கர் தொலைபேசியில் சொல்வார், நான் கொண்டு போய்க் கொடுப்பேன். நீங்கள் வரத் தேவையில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். 2022 நடுப்பகுதியில் பெற்றோல் இல்லை, சேர் நீதிமன்றம் போக முடியவில்லை, தவணை தள்ளிவிட்டது என்றார்கள். நம்பினேன். அந்த மாதங்களில் எங்கள் சங்கத் தலைவரே சைக்கிளில்தான் வந்தார். ஆனால் போக முடியாத தவணைக்கும் 3,500 வாங்கினார்கள் என்பதைக் கொப்பியில் எழுதியபோதுதான் கவனித்தேன்.

2023 தைப்பொங்கல் கழிந்த கிழமையில் நானே நீதிமன்றத்துக்குப் போனேன். வழக்கு இலக்கத்தை அதுவரை எனக்கு யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அது என்னுடைய தவறு. பதிவாளர் அலுவலகத்தில் பெயரைச் சொல்லித் தேடிப் பிடிக்க ஒரு காலை முழுவதும் போனது. அங்கேயிருந்த அலுவலர் ஒருவர் பொறுமையாக உதவினார். வழக்கேட்டைப் பார்த்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. வழக்குத் தாக்கலானது 2022 ஆகஸ்டில். நான் காசு கொடுத்தது 2021 ஒக்டோபரில். ஏழு தவணைக்கு 24,500 ரூபா கட்டியிருந்தேன். ஏட்டில் இருந்தவை மூன்று தவணைகள். மீதி நான்கும் வழக்குப் பிறப்பதற்கு முன்னரே நடந்து முடிந்த தவணைகள்!

அது போகட்டும். மனுவின் பிரதியை எடுத்து வாசித்தேன். எதிராளி குடித்துவிட்டு வந்து வழக்காளியை அடிப்பவர் என்று எழுதியிருந்தது. அவர் குடிப்பதில்லை. ஒருநாளும் என்மீது கை வைத்ததில்லை. அவர் செய்த குற்றம் வேறு. அதற்குக் கீழே, இந்த விவாகத்தில் இரண்டு பிள்ளைகள் என்றிருந்தது. எனக்கு ஒரு மகள்தான். யாரோ ஒரு பெண்ணுடைய வாழ்க்கையை எடுத்து, மேலே என் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நீதிமன்றத்து மர நிழலில் பிளேன்டீ குடித்தபடி, என் கவலையை விட்டுவிட்டு அவளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முகவரியும் பிழை. வெள்ளவத்தையில் பழைய இடத்தை விட்டு அவர் எப்போதோ மாறிவிட்டார் என்று நான் சொல்லியிருந்தேன். அழைப்பாணை அதே பழைய முகவரிக்குப் போய், ஆள் இல்லையென்று திரும்பியிருந்தது.

இரண்டாமவரிடம் அனுப்பியது எங்கள் சங்கத்தில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி. அவளுடைய அக்காவுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் மூலமாகச் செலவுப் பணம் கேட்கும் தாபரிப்பு வழக்கு நடந்தது. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நிறுவனம் அது. வசதி குறைந்தவர்களுக்காக வழக்காடும். கையில் ஒன்றுமில்லையென்றால் என்னைப்போல் கடன்பட்டு அலையாமல் முதலில் அங்கே போய்க் கேளுங்கள். எனக்கு மாதச் சம்பளம் இருந்ததால் நான் தனியார் சட்டத்தரணியைத் தேடினேன். அந்த அக்கா தனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி மிஸ்ஸைச் சொன்னார்.

நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டின் முன்னறைதான் கந்தோர். பலகை ஒரு சாப்பாட்டுக் கோப்பையளவு. ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடி, குரல் எழும்பாது. முதற் சந்திப்புக்கு 2,500 ரூபா என்று கதவருகே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தது. அந்தத் தாளைக் கண்டதுமே எனக்கு அரைவாசி நம்பிக்கை வந்துவிட்டது. நாற்பது நிமிடம் பேசினோம். காசைப் பற்றிப் பேசியது கடைசி ஐந்து நிமிடம்.

முதலில் பிளாஸ்டிக் உறையைக் கேட்டு வாங்கினார். விவாகச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், சீதன உறுதி என்று ஒவ்வொன்றாக எடுத்து, தன்னுடைய தாளில் குறித்து, மூலப்பத்திரங்களை அங்கேயே என்னிடம் திருப்பித் தந்தார். "இவற்றை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், என்னிடமும்தான்" என்றார். பிறகு கேட்டார்: "அவர் கடைசியாக இந்த வீட்டில் படுத்தெழும்பிய நாள் எது?" சொன்னேன். "போகும்போது என்னென்ன கொண்டு போனார்?" எனக்கு வெட்கமாக இருந்தது. ரைஸ் குக்கரையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சான்றிதழ்கள் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

ஏன் என்று பிறகு விளங்கப்படுத்தினார். எங்களுடைய விவாகப் பதிவுச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி விவாகரத்துக்குக் காரணங்கள் மூன்றுதான்: விவாகத்தின் பின்னான பிறர்மனைத் தொடர்பு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், விவாக நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற இயலாமை. இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று போய் நின்றால் நீதிமன்றம் விவாகரத்துத் தராது. ஒருவர் பக்கம் குற்றம் இருந்தாக வேண்டும், அதை நிரூபித்தாக வேண்டும். கைவிட்டுப் போனார் என்றால், போனது மட்டும் போதாது. திரும்பி வராத எண்ணத்தோடு போனார் என்று காட்ட வேண்டும். படிப்புச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு போகிறவர் இரண்டு நாளில் திரும்பி வருகிறவரல்ல. நான் ஐந்து வருடமாக மனதுக்குள் கிடந்து உழன்ற விடயம் அவருடைய தாளில் இரண்டு கோடாகக் கிடந்தது.

மாமி ஒருவர், "ஏழு வருடம் பொறுத்திரு, ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே ரத்தாகிவிடும்" என்று சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்தில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் நம்புகிறார்கள். மிஸ்ஸிடம் கேட்டேன். ஏழு வருடப் பிரிவைப் பற்றிக் குடியியல் நடவடிக்கைக் கோவையின் 608 ஆம் பிரிவில் ஒரு வாசகம் இருப்பது உண்மை. ஆனால் பிரிந்திருந்தால் மட்டும் போதாது, குற்றம் நிரூபிக்கப்படவே வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1986 இலேயே சொல்லிவிட்டது என்றார். மாமியிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டேன். வீட்டை விட்டு வெளியேறியவர்தான் எப்போதும் கைவிட்டவர் என்றில்லை. இருக்க விடாமல் செய்து துரத்தியவரையே கைவிட்டவராகச் சட்டம் கொள்ளும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிட்ட பெண்கள் "நான்தானே வெளியே வந்தேன், எனக்கு வழக்கில்லை" என்று நினைத்து இருந்துவிடுகிறார்கள். கணவர் அடித்தாரா என்றும் மிஸ் கேட்டார். இல்லையென்றேன். அடித்திருந்தால் 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கும் வழி தனியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

எனக்கு மிஸ்ஸோடு கோபம் வந்தது இரண்டாம் சந்திப்பில். கொழும்பில் கணவருக்கு ஒரு பெண்ணோடு தொடர்பு என்று எனக்குத் தெரியும். முகநூலில் வந்த ஒரு படம் கையில் இருந்தது. அதை வழக்கில் போட வேண்டும் என்று நின்றேன். மிஸ் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் நிற்கும் படம். அவர் ஓரத்தில், அந்தப் பெண் அவருக்குப் பக்கத்தில். "இதில் எனக்குத் தெரிவது புரியாணிக் கோப்பை பிடித்திருக்கும் ஒருவர்" என்றார். பிறர்மனைத் தொடர்பென்று வழக்குப் போட்டால் அந்தப் பெண்ணையும் பெயர் சொல்லி இணை எதிராளியாக்க வேண்டும், இருவருக்கும் இடையில் இருப்பதைச் சாட்சியத்தால் நிறுவ வேண்டும், அவளும் சட்டத்தரணி பிடிப்பாள், வழக்கு நீளும். "கைவிட்டுப் போனதற்கு உங்களிடம் திகதி இருக்கிறது, சாட்சி இருக்கிறது. இருப்பதை வைத்து நடப்போம். உங்கள் மகள் ஒருநாள் இந்த ஏட்டை எடுத்து வாசிக்கலாம்." இரண்டு கிழமை நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. பணம் வாங்குகிறவர் நான் சொல்வதைத்தானே எழுத வேண்டும் என்று நினைத்தேன். கணக்குப் புத்தகத்தில் இல்லாத செலவை எழுதச் சொல்லித் தலைவர் ஒருவர் என்னிடம் நின்றபோது நான் என்ன செய்தேன் என்பது பிறகு ஞாபகம் வந்தது. படத்தை அழித்துவிட்டேன்.

இப்போது கூரைக்கு வருகிறேன். முதலாமவர் கேட்காத கேள்வி இது: ஏன் இப்போது விவாகரத்துத் தேவை? மிஸ் கேட்டார். வங்கிக் கதையைச் சொன்னேன். சீதன உறுதியை மறுபடி வாங்கி வாசித்தார். நாங்கள் தேசவழமைக்குள் வருகிறவர்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், தொகுத்து எழுதப்பட்ட யாழ்ப்பாணத்து வழமை அது. சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (விவாகத்தின் பின் தேடிய சொத்து) என்று நாங்கள் வீட்டில் சாதாரணமாகப் பேசும் சொற்கள் எல்லாம் நீதிமன்றத்தில் இன்றைக்கும் நடைமுறையில் உள்ள சட்டச் சொற்கள். பிறகு 1911 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து விவாக உரிமைகள், வழியுரிமை பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி மணமான பெண்ணுக்குத் தன்னுடைய காணி தன்னுடையதுதான். ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அசையும் பொருளுக்கு, நகை நட்டுக்கு, அந்தக் கட்டுப்பாடு இல்லை. வங்கித் தம்பி கேட்டது இதைத்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அதே சட்டத்தின் 8 ஆம் பிரிவைக் காட்டினார். கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் சம்மதம் தர மறுத்தால், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்திடம் மனுச் செய்து அனுமதி பெறலாம். "கூரைக்காக மட்டுமென்றால் உங்களுக்கு விவாகரத்தே தேவையில்லை" என்றார். ஒரு சட்டத்தரணி தன் வாயால் தன்னுடைய பெரிய கட்டணத்தைக் குறைக்கும் வழியைச் சொல்கிறார்! ஒரு கிழமை யோசித்துவிட்டு வரச் சொன்னார். யோசித்தேன். கூரை ஒரு சாட்டுத்தான் என்பது அந்த ஒரு கிழமையில் எனக்கே வெளித்தது. திரும்பிப் போய், இரண்டையும் போடுங்கள் என்றேன்.

அம்மாவிடம் சொன்னபோது, வழக்குப் போடும் நாள் அட்டமி நவமியாக இருக்கக்கூடாது என்று பஞ்சாங்கத்தை எடுத்தார். மிஸ் அதை மறுக்கவில்லை. "தாக்கல் செய்யும் நாளை நீங்கள் சொல்லுங்கள் அம்மா. அதற்குப் பிறகு தவணையெல்லாம் நீதிமன்றம் போடும், அவர்களுக்குப் பஞ்சாங்கம் இல்லை" என்றார். அம்மாவுக்கு அந்த நிமிடத்திலிருந்து அவரைப் பிடித்துவிட்டது.

வேலை நடந்த விதம் இதுதான். முதலாமவருடைய புரொக்சியை நீதிமன்ற அனுமதியோடு இரத்துச் செய்தார். அவரிடமிருந்து என் கோப்புத் திரும்பி வந்தது: மூன்று தாள்கள், அதில் ஒன்று என் அடையாள அட்டையின் போட்டோப் பிரதி. 84,500 ரூபாவுக்கு மூன்று தாள். பழைய வழக்கை, புதிதாகப் போடும் உரிமையை வைத்துக்கொண்டு, வாபஸ் பெற்றார். புதிய மனுவைத் தாக்கல் செய்வதற்கு முன் எனக்கு முன்னால் வைத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தார். தமிழில்தான் எழுதியிருந்தார். பிழை இருந்தால் நிறுத்துங்கள் என்றார். இரண்டு இடத்தில் நிறுத்தினேன். ஒன்று திகதி, மற்றது கணவருடைய வேலையின் பெயர். உங்களுடைய சட்டத்தரணி மனுவை உங்களுக்கு வாசித்துக் காட்டாவிட்டால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அதில் இருக்கிறது என்பதையாவது பாருங்கள்.

மகளுடைய செலவுக்கான தாபரிப்பு வழக்கு வேறு நீதிமன்றம். அது நீதவான் நீதிமன்றத்தில், 1999 ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தில். விவாகரத்து முடியும் வரை இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முதலாமவர் எல்லாம் ஒன்றாகத்தான் வரும் என்று சொல்லியிருந்தார். மிஸ் 2023 மே மாதமே இதைப் போட்டார். அழைப்பாணையைக் கணவர் வேலை செய்யும் கம்பெனியின் முகவரிக்கு அனுப்பச் செய்தார். வீடு மாறுகிறவர்கள் வேலையை அவ்வளவு சுலபமாக மாற்றமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. சரியாக இருந்தது. பதினெட்டு வயதோடு எல்லாம் நின்றுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். 18க்கும் 25க்கும் இடைப்பட்ட பிள்ளையும் தாபரிப்புக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று சொன்னார். மகள் பல்கலைக்கழகம் போனால் உதவும் என்று கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த வழக்குக்குக் கணவர் வந்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு நான் அவரைப் பார்த்தது நீதவான் நீதிமன்றத்து விறாந்தையில். முடி கொட்டியிருந்தது. கையில் கண்டோஸ் சொக்கிலேட் பைக்கற்றுகள் உள்ள ஒரு பை. மகளுக்கு என்று நீட்டினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மிஸ்ஸைப் பார்த்தேன். "வாங்கிக்கொள்ளுங்கள். அது பிள்ளைக்குக் கொண்டு வந்தது. வழக்கில் அதற்கு இடமில்லை" என்றார். வாங்கினேன். மாதம் 20,000 ரூபா என்று ஒக்டோபரில் கட்டளை வந்தது. இன்றுவரை பெரும்பாலும் வருகிறது. பிந்தினால் கொப்பியில் சிவப்புப் பேனா.

டிசம்பரில் 8 ஆம் பிரிவு மனுவுக்கு அனுமதி கிடைத்தது. 2024 மாசியில் கடன் வந்தது, பங்குனியில் கூரை போட்டேன். விவாகரத்து அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

அந்த வழக்குக்குக் கணவர் வரவே இல்லை. அழைப்பாணை கையில் கிடைத்தும் மறுமொழி போடவில்லை. நீதிமன்றப் பணியாளர் வாசலில் நின்று அவருடைய முழுப் பெயரையும் மூன்று முறை கூப்பிட்டார். தகப்பன் பெயரோடு சேர்த்து. எழுத்து நடந்த அன்று பதிவாளர் வாசித்த அதே பெயர். ஒருவரும் வராததால் ஒருதலைப்பட்ச விசாரணை. எதிராளி வராவிட்டால் கேட்டது அப்படியே கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். சாட்சிக் கூண்டில் ஏறி, நடந்ததைச் சொல்லி நிரூபிக்கத்தான் வேண்டும். முதல் நாள் மாலை மிஸ் என்னை இருத்தி வைத்துக் கேள்விகளைக் கேட்டார். நான் நீட்டி நீட்டிச் சொன்னேன். "கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள். கணக்கு ஆய்வாளர் வந்தால் எப்படிச் சொல்வீர்கள்?" என்றார். அதன் பிறகு சுலபமாகிவிட்டது. சாட்சியம் மொத்தம் இருபது நிமிடம். ரைஸ் குக்கரும் ஏட்டில் ஏறிவிட்டது.

2024 செப்டெம்பரில் கிடைத்தது முதற் தீர்ப்புத்தான். அதை நைசை என்பார்கள். குறைந்தது மூன்று மாதம் கழிந்து அது முடிவான தீர்ப்பாகும்வரை சட்டத்தின் கண்ணில் விவாகம் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் நைசை கிடைத்த கையோடு மறுமணத்துக்கு மண்டபம் பார்த்து, பிறகு முற்பணத்தை இழந்தார். எனக்கு முடிவான தீர்ப்பு 2025 ஜனவரியில் வந்தது.

ஒரு நட்சத்திரத்தை ஏன் வெட்டினேன் என்று சொல்ல வேண்டும். மாலை ஏழு மணிக்குப் பிறகு மிஸ் தொலைபேசியை எடுக்கமாட்டார், வாட்ஸ்அப்பில் குரற்பதிவு அனுப்பினால் கேட்கவே மாட்டார். தீர்ப்புக்கு முதல் நாள் இரவு எனக்கு நெஞ்சு படபடத்து நான்கு முறை எடுத்தேன். காலையில், "இரவில் நான் சொல்லக்கூடியது எதுவும் இல்லை" என்றார். உண்மைதான், ஆனாலும் எடுத்திருக்கலாம். ஒரு தவணைக்கு அவர் வேறு நீதிமன்றத்தில் நின்றுவிட்டார். கனிஷ்ட சட்டத்தரணி ஒருவர் வந்து திகதி மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தவணைக்குக் காசு வாங்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். கிளாக்கர் ஐயா எல்லோரிடமும் தன்னுடைய காணியில் நிற்கிறவர்களைப்போலப் பேசுகிறார். அரை நட்சத்திரம் முழுக்க அவருக்கே.

கணக்கு இதோ. விவாகரத்துக்கு 90,000, மூன்று பகுதியாகக் கட்டியது. அதற்கு நீதிமன்றத்தில் தோன்றிய 11 நாட்களுக்கு 3,000 வீதம் 33,000. காணி மனுவுக்கு 35,000. தாபரிப்பு வழக்குக்குத் தோன்றும் நாட்களும் சேர்த்து 25,000. முதற் சந்திப்பு 2,500. முத்திரை, பிரதிகள், தபால் போன்றவற்றுக்கு 15,000 முற்பணம் வாங்கினார், செலவு 13,150. ஆக 198,650 ரூபா. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு இருக்கிறது, இலக்கம் தவறாமல். முடிவான தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியை வாங்கப் போன அன்று, மீதி 1,850 ரூபாவையும் செலவுப் பட்டியலையும் ஒரு உறையில் போட்டுத் தந்தார். பட்டியலை அங்கேயே நின்று கூட்டிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நான் கூட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்.

பெயர் தேவைப்படுகிறவர்கள் என்னிடம் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். கந்தோர் மாலை ஐந்து மணிக்குத் திறக்கும். நாலரைக்கே போய் இருந்தால் முதல் மூன்று பேருக்குள் வரலாம். விவாகச் சான்றிதழ் தொலைந்திருந்தால் முன்னதாகவே பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். நுளம்புக்கு எதையாவது பூசிக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் மாலையில் அவர் கந்தோரைத் திறப்பதில்லை; வீதியும் மூடியிருக்கும். அந்த நாட்களில் போய்க் கதவைத் தட்டினால் கிளாக்கர் ஐயாதான் வெளியே வருவார்.